ஜெங் கின்வென்: ஒலிம்பிக் தங்கத்துக்குப் பின் கிராண்ட்ஸ்லாம் ஏன் கைகூடவில்லை?

கேள்வி:
2024 ஆகஸ்ட் 3 அன்று பாரிஸில் டோனா வெகிச்சை 6-2, 6-3 என்று வென்று, ஒலிம்பிக் டென்னிஸ் ஒற்றையரில் தங்கம் பெற்ற முதல் ஆசியர் என்ற பெருமையைச் சீன வீராங்கனை ஜெங் கின்வென் அடைந்தபோது, அடுத்து டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒன்றுதான் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதன்பின் 2025 முடியும் வரை எந்தக் கிராண்ட்ஸ்லாமிலும் அவர் காலிறுதியைத் தாண்டவில்லை. விம்பிள்டனில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். பாரிஸ் வெற்றி ஒரு வாரத்து அதிர்ஷ்டம்தானா, அல்லது அவருடைய ஆட்டத்திலேயே குறை இருக்கிறதா?

மறுமொழி 1:
அதிர்ஷ்டம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாரிஸில் எம்மா நவாரோவுக்கு எதிராக, இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட்டைத் தாண்டிப் பிழைத்தார்; மறுநாள் கெர்பரை மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடி, மூன்றாவது செட் 6-6 என்று சமனானபின் ஆடும் டைபிரேக்கில் வென்றார்; அதற்கு மறுநாளே ஷ்வியான்டெக்கைச் சந்தித்தார். அதற்கு முன் ஆறு முறை மோதி ஆறு முறையும் அவரிடம் தோற்றிருந்தார். முதல் செட்டை 6-2 என்று எடுத்தபின் இரண்டாவது செட்டில் 0-4 என்று பின்தங்கியபோது, மூன்றாவது செட்டுக்குத் தயாராவதுதான் புத்திசாலித்தனம் என்றே நான் எண்ணினேன். அவரோ அந்தச் செட்டையே 7-5 என்று முடித்துவிட்டார். பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலண்ட் காரோஸ் களிமண்ணில், அங்கே நான்கு முறை பட்டம் வென்றிருந்த ஷ்வியான்டெக்கை அப்படி வீழ்த்துவது தற்செயலாக நடப்பதன்று.

மறுமொழி 2:
மேலே எழுதிய நண்பருடன் உடன்படுகிறேன்; ஆனால் குறையும் இருக்கிறது, அது சர்வீஸ். 2024-இல் டபிள்யூடிஏ என்னும் மகளிர் தொழில்முறைச் சுற்றில், எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்களான ஏஸ்களை அதிகம் அடித்தவர் அவரே என்றாலும், முதல் சர்வீஸ் உள்ளே விழாத நாட்களில் ஆட்டம் சட்டெனக் கைநழுவிவிடுகிறது. அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: இரண்டாவது செட்டின் முதல் கேமிலேயே மூன்று டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸ் வாய்ப்புகளும் தவறுவது) செய்து, எதிராளி சபலென்காவுக்குத் தம் சர்வீஸ் கேமைத் தாமாகவே கொடுத்துவிட்டார். அதே சர்வீஸைத் தாங்க வேண்டிய வலது முழங்கையில்தான் 2025 ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. செப்டம்பரில் பெய்ஜிங்கில் களமிறங்கியவர், மூன்றாவது சுற்றில் நோஸ்கோவாவுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே விலக நேர்ந்தது. ஃபோர்ஹேண்டைக் குறை சொல்பவர்களும் உண்டு. என் கணக்கில் முழங்கைதான் முதல் கேள்வி.

மறுமொழி 3:
எதிராளியையும் பாருங்கள். 2023, 2024 அமெரிக்க ஓப்பன் காலிறுதிகள், 2024 ஆஸ்திரேலிய இறுதி, 2025 பிரெஞ்சு ஓப்பன் காலிறுதி ஆகிய நான்கிலும் அவரை வெளியேற்றியவர் சபலென்கா ஒருவரே. 2024 வூஹான் இறுதிப்போட்டியில், சிறுவயதில் பயிற்சி பெற்ற நகரத்திலேயே, அவரிடம் மூன்று செட்களில் தோற்றார். தொடர்ந்து ஆறு தோல்விகளுக்குப் பின், 2025 மே மாதம் ரோமில் 6-4, 6-3 என்று முதல் முறையாக வென்றார். அந்த வெற்றியை மூன்று வாரங்களில் பாரிஸில் மீண்டும் செய்துகாட்ட முடியவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வயதைக் கணக்கில் எடுக்காமல் அவசரப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. சீனாவின் லீ நா தம் முதல் கிராண்ட்ஸ்லாமை 2011-இல் பாரிஸில் வென்றபோது அவருக்கு வயது 29. 2002 அக்டோபரில் பிறந்த ஜெங்குக்கோ, முழங்கை அறுவை சிகிச்சையின்போது 22 தான்.