எண்டர் கீ மாறினா யோசனை நின்னுடுமா? (ஆர்க் மோடு)

கோத்தகிரிக்காரன்:
இமாக்ஸ் எடிட்டர்ல குறிப்பும் பட்டியலும் எழுதுற ஆர்க் மோடு பத்தி நேத்து வேற இழையில கொடைமேகம் எழுதினது இது: "ஆர்க் மோடு 9.4-ல எண்டரை மாத்தினாங்க, மனசுல வர்றதை மளமளன்னு கொட்டுறது அதோட போச்சு." அடேங்கப்பா! மாறினது இவ்வளவுதான். முன்னாடி எண்டர் தட்டினா வெறும் புது வரி, கன்ட்ரோல்+ஜே தட்டினா உள்ளே தள்ளி நிக்கும். 2020-ல ரெண்டும் இடம் மாறிச்சு. இமாக்ஸ் 24.4-லேர்ந்து மத்த மோடெல்லாம் இப்படித்தான். தள்ள வேண்டாமா, கன்ட்ரோல்+ஜே அடிங்க.

கொடைமேகம்:
பட்டியல்ல அடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க. ஒரு சின்னக் கோடு (-) போட்டு "கேரட் விலை"ன்னு எழுதி எண்டர். கர்சர் ரெண்டு இடம் உள்ளே போயிடும். அங்கே இன்னொரு கோடு போட்டு "லாரி வாடகை"ன்னா அது கேரட்டுக்குக் கீழே பிள்ளை. அடுத்தது பேரன். பத்து வரியில படிக்கட்டு.

கோத்தகிரிக்காரன்:
கோட்டைக் கையால போடச் சொன்னது யாரு? ஆல்ட்+எண்டர் அடிச்சா அதே மட்டத்துல கோடு தானா வரும்.

கொடைமேகம்:
கர்சர் வரி நடுவுல இருந்தா ஆல்ட்+எண்டர் வரியையே ரெண்டா வெட்டும். அதைச் சொல்ல மாட்டீங்களே.

கோத்தகிரிக்காரன்:
'ஆர்க்-எம்-ரெட்-மே-ஸ்ப்ளிட்-லைன்'ங்கிற அமைப்பை nil-னு (அதாவது 'வேண்டாம்'னு) வைங்க, வெட்டாது. தலைப்புன்னா கன்ட்ரோல்+எண்டர், கிளை மொத்தத்தையும் தாண்டிக் கீழே புதுத் தலைப்பு வைக்கும். கையேட்டுல எல்லாம் இருக்கு. படிக்கணும், அவ்வளவுதான்.

குன்னூர்_ரயிலடி:
நடுவுல ஒண்ணு. லினக்ஸ்ல சிஸ்டம் லேஅவுட்டே தமிழ்99-ன்னா ஜே கீ இருக்கிற இடத்துல 'ப'. இமாக்ஸ் அதைக் கன்ட்ரோல்+ப-ன்னு எடுத்துக்கிட்டு, அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லிடும். சிஸ்டத்தை இங்கிலீஷ்லயே விட்டுட்டு, இமாக்ஸுக்குள்ள கன்ட்ரோல்+பின்சாய்வு போட்டுத் தமிழுக்கு மாறினா ஷார்ட்கட் எல்லாம் வேலை செய்யும்.

கொடைமேகம்:
பாத்தீங்களா, "கன்ட்ரோல்+ஜே அடிங்க"ன்னு எவ்வளவு சுலபமா சொன்னாரு!

கோத்தகிரிக்காரன்:
லேஅவுட் உங்க தலைவலி. இன்னொண்ணு கேக்குறேன். இமாக்ஸ் 27-ஓட வந்தது ஆர்க் 9.3. 28-ஓட வந்தது 9.5. நடுவுல 9.4 யார் வீட்டுக்கும் தானா வரலை. தனியா இறக்கிப் போட்டவங்களுக்குத்தான் வந்துச்சு. நீங்களே வலியப் போய்ப் போட்டுட்டு அழுதா எப்படி? 9.5-ல தலைப்புக்குக் கீழே தள்ளுறதையும் நிறுத்தியாச்சு.

கொடைமேகம்:
தலைப்புக்குக் கீழே மட்டும்! பட்டியல்ல இன்னும் தள்ளுது. பட்டியல், பட்டியல், பட்டியல். பத்து வரிப் படிக்கட்டை நேராக்க ரெண்டாவது வரியிலேர்ந்து ஒவ்வொரு வரியிலயும் ஆல்ட்+ஷிஃப்ட்+இடது. ஒன்பது தடவை. ஷிஃப்டை விட்டா அந்த வரி மட்டும் நகரப் பாக்கும், பிள்ளைங்க கூட வராது.

ஊட்டி_வறுக்கி:
அது சரி, கொடைக்காரருக்கு எதுக்குங்க கேரட் உதாரணம்? கேரட்னா நம்ம ஊரு, மேட்டுப்பாளையம் மண்டி. உங்களுக்குத்தான் மலைப்பூண்டு இருக்கே, 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது.

கொடைமேகம்:
மன்னவனூர்ப் பக்கம் வந்து பாருங்க, கேரட் விளையுதா இல்லையான்னு.

கோத்தகிரிக்காரன்:
பேச்சை மாத்தாதீங்க. ஆர்க் திறக்கிறப்போ ஓடுற ஆர்க்-மோடு-ஹுக்ல, தானா உள்ளே தள்ளுற எலெக்ட்ரிக்-இண்டென்ட்-லோக்கல்-மோடுக்கு மைனஸ் 1 கொடுத்து அணைச்சா பழைய எண்டர் திரும்ப வந்துடும். ஒரே வரி. அதுக்கு இத்தனை ஒப்பாரியா?

கொடைமேகம்:
எண்டரை மாத்தினவங்களே அந்த ஒரு வரியை எழுதட்டும். பழகின கையை மாத்தச் சொல்ல நீங்க யாரு?

கோத்தகிரிக்காரன்:
போன வருஷம் இதே ஆளு, நிரல் எழுதுற கோட் பெட்டியைக் கொண்டுவர அடிக்கிற "<எஸ் டேப்" வேலை செய்யலைன்னு இங்கேதான் சண்டை போட்டாரு. 9.2-ல மாறினது அது. ஆர்க்-டெம்போங்கிற துணைத் தொகுப்பைச் சேர்த்தா சரியாகும்னு அப்பவும் நான்தான் சொன்னேன். நன்றின்னு ஒரு வார்த்தை?

குன்னூர்_ரயிலடி:
அதைச் சொன்னது நான்.

கோத்தகிரிக்காரன்:
நீங்க சொன்னது அதுக்குப் பதிலா வந்த கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+கமா. இழையைத் தோண்டி எடுக்கட்டுமா?

கொடைமேகம்:
எடுங்க. எடுத்துட்டு, பட்டியல்ல எண்டர் ஏன் தள்ளுதுன்னும் சொல்லுங்க.