மூன்றாம் லயத்துக் (தோட்டக் குடியிருப்பு வரிசை) குடும்பம்

நவம்பர், சனிக்கிழமை

நான்: அண்ணிக்கு ஜனவரியில் பிரசவம். அந்த மாதம்தான் நுவரெலியாவில் புல் மேல் உறைபனி விழும். பிள்ளைக்கு யார் என்ன பின்னுவது என்று இன்றே பேசிவிடுவோம். போர்வை என்னுடையது. மாதிரி இதோ.
[புகைப்படம்]

சித்தி: அடடா, சிலந்தி வலை போல எவ்வளவு அழகு!

பெரியம்மா: வலையேதான். அத்தனை ஓட்டைகள். பச்சைப்பிள்ளையின் விரல் உள்ளே போய் மாட்டிக்கொண்டால் யார் எடுப்பது? என்ன நூல்?

நான்: மொஹேர் என்கிற ஆட்டு ரோம நூல், பெரியம்மா. தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுவது போல இருக்கும்.

பெரியம்மா: பூனை போலவே ரோமமும் உதிரும். பிள்ளை எதை வாயில் வைக்காமல் இருக்கும்? அதை உனக்குச் சால்வையாகப் பின்னிக்கொள் மகள். பிள்ளைக்கு எல்லா வரிசையும் பிளேன். ஓட்டையும் இல்லை, பூவும் இல்லை.

நான்: எல்லா வரிசையும் பிளேன் என்றால் பின்னுகிற எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

பெரியம்மா: போர்த்துகிற பிள்ளைக்கும் வரட்டும். அதற்குத்தானே போர்வை.

சித்தி: அக்கா சொல்வது சரிதான். அந்தப் பின்னல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது. நிறத்தில் விளையாடிக்கொள். எந்த நூல் என்பதுதான் பெரிய கேள்வி. அசல் கம்பளியா, செயற்கை நூலான அக்ரிலிக்கா?

மாமா (ஹட்டன்): நூலுக்கு ஏன் காசு செலவழிக்கிறீர்கள்? என் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பிரித்துக்கொள்ளுங்கள். அசல் கம்பளி. நுவரெலியாவில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது. மருமகளின் பிள்ளைக்காகத் தியாகம் செய்கிறேன்.

சித்தி: தியாகம் இருக்கட்டும் அண்ணா. உட்புறத் தையலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மாமா (ஹட்டன்): [புகைப்படம்]

சித்தி: துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருக்கிறார்கள். இதைப் பிரித்தால் நீள நூல் வராது, வரிசைக்கு ஒரு துண்டாகத்தான் வரும். ஓரத்தில் சங்கிலி போலக் கண்ணிகள் தெரிந்தால் மட்டுமே பிரிக்கலாம்.

தம்பி: மாமா வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்க்கட்டுமா? கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும்.

மாமா (ஹட்டன்): தாராளமாகக் கொளுத்து. பயம் எனக்கா?

தம்பி: உருகிவிட்டது. முனையில் கறுப்பாகக் கடின மணி. பிளாஸ்டிக் வாடை.

மாமா (ஹட்டன்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: அண்ணா, நீக்கினாலும் படித்துவிட்டோம். கடைக்காரனின் தாயை ஏன் இழுக்கிறீர்கள்?

பெரியம்மா: அவன் அழாமல் இருக்கட்டும். அக்ரிலிக் கெட்ட நூல் இல்லை. தினமும் துவைக்கலாம், சீக்கிரம் காயும். ஆனால் அண்ணி வீட்டில் மூடுபனி இறங்கினால் துணியை எங்கே காயப்போடுகிறார்கள்? அடுப்புக்கு மேலே. நெருப்புப் பட்டால் என்ன ஆகும் என்று இப்போதுதானே பார்த்தோம்.

நான்: அப்படியானால் கம்பளியே வாங்கிவிடலாமா?

பெரியம்மா: கொழுந்து பறிக்கப் போகையில் நான் போர்த்திய கம்பளி முள் போலக் குத்தும். ஆனால் மழையில் ஊறினாலும் உடம்பு சூடாக இருக்கும். அக்ரிலிக்கில் அது நடக்காது. ஆனால் சுடுநீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கிக் கால்மிதி ஆகிவிடும். பிரசவமான வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் அலசித் தட்டையாக விரித்து உலர்த்த யாருக்கு நேரம்?

சித்தி: சூப்பர்வாஷ் மெரினோ என்று ஒன்று இருக்கிறது. ரோமத்தின் செதிலை மழுங்கச் செய்திருப்பார்கள், அதனால் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்காது. மென்மையாகவும் இருக்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். எல்லோரும் பங்கு போடுவோம்.

மாமா (ஹட்டன்): என் பங்கைக் கொடுத்துவிடுகிறேன். ஸ்வெட்டர் பேச்சை மட்டும் இனி எடுக்காதீர்கள்.

டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

நான்: போர்வைக்கு நூல் வரும்வரை ஒரு தொப்பி பின்னினேன். இணையத்தில் இறக்கிய பின்னல் மாதிரியில் சொன்னபடி 8ஆம் நம்பர் ஊசி, 60 கண்ணிகள். 33 சென்டிமீட்டர் சுற்றளவு வரும் என்று போட்டிருந்தது. எனக்கு 27தான் வந்திருக்கிறது.
[புகைப்படம்]

தம்பி: பூசைத் தேங்காய்க்குக் கச்சிதமாக இருக்கும்.

சித்தி: பிறந்த பிள்ளையின் தலையே சுமார் 35 இருக்கும். தொப்பி இழுபடும் என்பதால் 33 போதும். ஆனால் 27 நெரிக்கும். ஊசி எங்கிருந்து எடுத்தாய்?

நான்: பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்தது. தலையில் 8 என்று குத்தியிருக்கிறது.

பெரியம்மா: 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது பங்களாத் துரைசானி ஊருக்குப் போகுமுன் கொடுத்த ஊசி அது. பிரிட்டிஷ் நம்பர். நீ இறக்கிய மாதிரி எந்த நாட்டுடையது?

நான்: அமெரிக்கா.

பெரியம்மா: பார்த்தாயா! துரைசானியின் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க 8 என்றால் 5. பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்காவில் தடிக்கும். நம்பரைப் பார்க்காதே, மில்லிமீட்டரைப் பார்.

சித்தி: நூல் எது?

நான்: டபுள் நிட்டிங். மாதிரியில் வோர்ஸ்டெட் என்று இருந்தது. இரண்டும் ஒன்று என்று நினைத்தேன்.

சித்தி: வோர்ஸ்டெட் அதைவிடத் தடிப்பு. அதில் 5 மில்லிமீட்டர் ஊசிக்கு 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 18 கண்ணிகள். நீ பின்னியதில் 22 இருக்கும். 60ஐ 22ஆல் வகுத்து 10ஆல் பெருக்கிப் பார், உன் 27 அப்படியே வரும். தப்பு உன் கையில் இல்லை.

நான்: ஒரு சிறிய சதுரம் பின்னி அளந்திருக்கலாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பெரியம்மா: ஒரு சிறிய சதுரம் பின்னி அளந்திருக்கலாம்.

சித்தி: இன்னொரு விஷயம். மெரினோ நூலுக்காகக் கண்டிக் கடையில் நிற்கிறேன். இளமஞ்சள் எட்டு உருண்டைகள் இருக்கின்றன. லேபிளில் சாய எண் ஏழுக்கு ஒன்று, எட்டாவதுக்கு வேறு.

நான்: கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா சித்தி?

சித்தி: குழல்விளக்கின் கீழே தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்தால் தெரிகிறது.

பெரியம்மா: ஏழையும் எடு, அதையும் எடு. எட்டாவதை ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வேண்டுமென்றே செய்தது போல இருக்கும்.

டிசம்பர், போயா (பௌர்ணமி) தினத்துக்கு முதல் நாள்

நான்: போர்வை முடியப்போகிறது. கடைசி வரிசையில் கண்ணிகளை மூடினால் போதும். 4 மில்லிமீட்டர் ஊசி, அளந்த சதுரத்துடன்.
[புகைப்படம்]

பெரியம்மா: மூடாதே மகள்! பிள்ளை பிறக்குமுன் உடுப்பை முடித்து வைக்கக் கூடாது. கண்ணிகள் ஊசியிலேயே இருக்கட்டும். செய்தி வந்த பிறகு மூடு.

தம்பி: ஒரு மாதம் அந்த ஊசி சும்மா கிடக்குமா? நாளை சிவனொளிபாதமலை சீசன் தொடங்குகிறது. நல்லதண்ணி ஊர் வழியாக இரவில் ஏறப்போகிறேன். எனக்கு ஒரு தொப்பி வேண்டும் அக்கா.

நான்: ஒரு இரவில் தொப்பியா? பூசைத் தேங்காயினுடையது இருக்கிறது, தரட்டுமா?

மாமா (ஹட்டன்): என் ஸ்வெட்டரைக் கொண்டுபோ. தீயின் பக்கம் மட்டும் போகாதே.