செம்புத் தகட்டில் அடித்த இரும்பாணி மட்டும் ஏன் கரைந்துபோனது? இரும்பையும் செம்பையும் ஒப்பிடுவதில் ஓர் ஐயம்

பாம்பன் மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் படிக்கிறேன். இடைநிலை உலோகங்களில் இரண்டைத் தேர்ந்துகொண்டு, அவற்றின் பண்புகளையும் பயன்களையும் ஒப்பிட்டு எழுதி வருமாறு வேதியியல் ஆசிரியர் பணித்திருக்கிறார். நான் இரும்பையும் செம்பையும் எடுத்துக்கொண்டதற்கு எங்கள் படகுதான் காரணம்.

அப்பாவின் விசைப்படகு மரத்தால் ஆனது. அதன் ஏராக் கட்டையின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமரம்) மேலும் அதை ஒட்டிய அடிப்பலகைகளின் மேலும் தாத்தா காலத்தில் போர்த்திய செம்புத் தகடு இன்னும் இருக்கிறது. சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோது ஓரிடத்தில் தகடு பெயர்ந்திருந்தது. செம்பாணி கைவசம் இல்லாததால் இரும்பாணி அடித்து அதைப் பொருத்தினார்கள். இந்த ஆண்டு ஏப்ரல் 15க்குப் பிறகு மறுபடியும் கரையேற்றிப் பார்த்தபோது, அந்த ஆணிகளில் பலவற்றுக்குத் தலையே இல்லை. எஞ்சியவை ஊசிபோல் இளைத்திருந்தன. ஆனால் அதே டப்பாவிலிருந்து எடுத்து, தகடு இல்லாத பலகையில் அடித்த ஆணிகள் பழுப்பேறியிருந்தாலும் உறுதியாகவே இருந்தன.

ஒரே ஆணி, ஒரே கடல்; விளைவு மட்டும் ஏன் வேறானது? பாடநூல் அட்டவணையில் திட்ட மின்முனை அழுத்தம் (இது குறையக் குறைய உலோகம் எளிதில் எலக்ட்ரானை இழக்கும்) இரும்புக்கு −0.44 வோல்ட் என்றும் செம்புக்கு +0.34 வோல்ட் என்றும் இருக்கிறது. இதைக் கொண்டு செம்பே எல்லா வகையிலும் மேலானது என்று எழுதிவிடலாமா? அப்படியானால் பாம்பன் பாலத்தை ஏன் இரும்பில் கட்டினார்கள்?

பரமக்குடி வேதியியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, ஒப்பீட்டை அணுவிலிருந்து தொடங்குங்கள். படகு தானாகவே வந்து சேரும். இரும்பின் அணு எண் 26. அதன் 3டி துணைக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்களும் 4எஸ் துணைக்கூட்டில் இரண்டும் உள்ளன. டி எலக்ட்ரான்களில் நான்கு இணை சேராதவை. செம்பின் அணு எண் 29. அதன் 3டி துணைக்கூடு பத்து எலக்ட்ரான்களுடன் நிரம்பிவிட்டது; 4எஸ்-இல் ஒன்றே ஒன்று நிற்கிறது. இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதும் தானே காந்தமாவதும், செம்பு காந்தத்தைச் சட்டை செய்யாமல் இருப்பதும் இந்த வேறுபாட்டில் வேர் கொண்டவை. செம்பின் அந்த ஒற்றை எலக்ட்ரான் உலோகத்துக்குள் தங்குதடையின்றி உலவுவதால், செம்பு இரும்பைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. டி கூடு நிரம்பிய செம்பு எப்படி இடைநிலை உலோகமாகும் என்று யாரேனும் கேட்டால், அதன் +2 அயனியில் ஒன்பது டி எலக்ட்ரான்களே இருப்பதைச் சொல்லுங்கள். மயில்துத்தத்தின் நீலம் அங்கிருந்தே வருகிறது.

இனி உங்கள் ஆணி. செம்பின் மின்முனை அழுத்தம் நேர்க்குறி பெற்றதற்குக் காரணம், திண்மச் செம்பை அணுக்களாகப் பிரித்து இரண்டு எலக்ட்ரான்களையும் நீக்கச் செலவாகும் ஆற்றலை, அந்த அயனி நீரேறும்போது வெளிப்படும் ஆற்றல் ஈடுசெய்யாமையே ஆகும். இரும்புக்கு அது ஈடாகிறது. ஆகவே இரும்பு அயனியாக முந்திக்கொள்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் அது ஒரு மின்கலமாகிவிடும். இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரையும். இவ்விடத்தில் மாணவர்கள் வழக்கமாக ஒரு பிழை செய்வார்கள். பாடநூலில் வரும் துத்தநாக-செம்பு மின்கலமான டேனியல் மின்கலத்தை நினைத்துக்கொண்டு, செம்பு அயனி எலக்ட்ரானைப் பெற்று உலோகமாகப் படிகிறது என்று எழுதிவிடுவார்கள். கடலில் அவ்வளவு செம்பு அயனி ஏது? நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்தான் செம்புத் தகட்டின் பரப்பில் அந்த எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சைடாகிறது. அட்டவணையின்படி இரண்டுக்கும் இடைவெளி 0.78 வோல்ட், கடல்நீரில் அளந்தால் ஏறக்குறைய 0.3 வோல்ட்தான் இருக்கும். ஆயினும் ஆணியைத் தின்ன அது போதும்.

அழுத்தத்தைவிடப் பரப்பளவுதான் உங்கள் ஆணிக்குக் கேடாக முடிந்தது. ஆக்சிஜனைப் பிடிக்கும் செம்புத் தகடு பல சதுர அடி. அதற்கான எலக்ட்ரான் முழுவதையும் கொடுக்க வேண்டிய ஆணித் தலையோ ஒரு மிளகளவு. இதையே திருப்பிப் போட்டு, பெரிய இரும்புத் தகட்டில் சிறிய செம்பாணியை அடித்திருந்தால் இழப்பு தகடு முழுவதும் பரவிப்போய்க் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

இந்தப் பாடத்தைப் பிரித்தானியக் கடற்படை பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டது. 1761ஆம் ஆண்டில் ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763இல் திரும்பியதும் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன. தகட்டைப் பொதிந்து வந்த தடித்த தாள் கிழியாமல் இடையில் தங்கிவிட்ட இடங்களில் மட்டும் இரும்பு கெடாமல் இருந்தது. மின்கலம் என்ற கருத்தே பிறக்காத காலம் அது; இத்தாலிய அறிவியலர் வோல்டா முதல் மின்கலமான தம் மின்னடுக்கை 1800இல்தான் அறிவித்தார்.

பாலத்துக்கு வருவோம். எஃகின் விறைப்பு செம்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதாவது ஒரே சுமைக்கு, ஒரே அளவுள்ள செம்பு உத்தரம் ஏறத்தாழ இரு மடங்கு வளையும். செம்பு எடையிலும் கூடுதல். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.87 கிராம் என்றால் செம்பு 8.96 கிராம். புவி ஓட்டில் இரும்பு சுமார் 5 விழுக்காடு இருக்க, செம்போ பத்து லட்சத்தில் அறுபது பங்கு அளவே உள்ளதால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆகவே இரும்பில் கட்டி, துருவோடு ஓயாமல் போராடுவதே வழியாயிற்று. இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிர்வது. நீரையும் காற்றையும் உள்ளே விடுவது. அப்படியிருந்தும் 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலம், ஓயாத பராமரிப்பினால் 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், உயர்தரக் காப்புப் பூச்சும், முழுவதும் பற்றவைத்த இணைப்புகளும் பயன்படுத்தப்பட்டுள்ளன. எனவே “எது மேலானது” என்று எழுதாமல் “எங்கே, எதனோடு சேர்ந்து” என்று எழுதினால் உங்கள் ஆசிரியர் மகிழ்வார் என்று நினைக்கிறேன்.

ராமேஸ்வரம் டீசல் மெக்கானிக் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் தம்பி தன் படகின் பின்பக்கம் போய்ப் பார்க்கலாம். விசிறி செம்புக் கலவையில் வார்த்தது. அதைச் சுழற்றும் தண்டு எஃகு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நாள் முழுவதும் உப்புநீரில் கிடக்கின்றன. ஆகவேதான் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறோம். துத்தநாகத்தின் அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கும் முன்னால் அது போய் நின்று அடிபடும். கட்டி பாதியாகக் கரைந்தவுடன் மாற்றிவிட வேண்டும். சிலர் படகுக்கு வண்ணம் பூசும்போது அழகுக்காக அந்தக் கட்டிக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அது கரையாது. கரையாத கட்டி படகில் இருந்தும் பயனில்லை.

பயன்களைப் பற்றி எழுதும்போது டைனமோவை விட்டுவிடாதீர்கள். அதன் சுற்றுக்கம்பி செம்பு, உள்ளே இருக்கும் மையக்கரு இரும்பு. மின்சாரம் ஓடுவதற்கு ஒன்று, காந்தப்புலத்தை ஏந்துவதற்கு மற்றொன்று. இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் உதவாது. ஐயா எழுதிய டி எலக்ட்ரான் கணக்கைப் படித்த பிறகுதான், முப்பது ஆண்டுகளாக நான் கட்டிக்கொண்டிருந்த காயிலின் காரணம் எனக்கே விளங்கியது.

உங்கள் தகட்டுக்கும் இரண்டு துத்தநாகக் கட்டிகளை இணைத்துவிட்டால், இரும்பாணியும் பிழைக்கும், செம்பும் தேயாது என்பது என் யோசனை.

கீழக்கரை வாசகி எழுதியது:

மெக்கானிக் அண்ணனின் கடைசி யோசனையை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது கடல்வாழ் உயிரியல். இதே யோசனையை 1824இல் ஆங்கிலேய வேதியியலர் ஹம்ப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக்குச் சொன்னார். செம்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் தகடு தேயாது என்று அவர் கணித்தது அப்படியே பலித்தது. ஆனால் தேய்வு நின்ற தகட்டில் பாசியும் கொட்டலசும் (ஓடுள்ள, ஒட்டி வாழும் சிறு கடலுயிர்) அப்பிக்கொண்டு கப்பல்களின் வேகம் குறைந்துவிட்டதால் அம்முறையைக் கைவிட நேர்ந்தது.

காரணம் எளிது. செம்புத் தகட்டில் கொட்டலசு ஒட்டாமலிருப்பதற்குச் செம்பு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருப்பதே காரணம். கடல்நீரில் உள்ள குளோரைடு அதன் பரப்பிலிருந்து சிறிது சிறிதாகச் செம்பை எடுத்துச் செல்கிறது. அந்தச் செம்பு அயனி, ஒட்ட வரும் இளம் உயிர்களுக்கு நஞ்சு. கரைவதைத் தடுத்தால் நஞ்சும் நின்றுவிடும். அடிப்பாகத்தில் பூசும் சிவப்புப் பெயின்ட் பலவற்றில் குப்ரஸ் ஆக்சைடை (ஒரு செம்பு ஆக்சைடு) சேர்ப்பதும் இதே நோக்கத்தில்தான். அந்தப் பெயின்டைக் கரையில் சுரண்டும்போது தூளைக் கடலில் தள்ளாமல் அள்ளி அகற்றுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். மன்னார் வளைகுடாவின் இளம் உயிர்களுக்கும் கொட்டலசுக் குஞ்சுகளுக்கும் செம்பு வேறுபாடு பார்ப்பதில்லை.

நஞ்சு என்றேன், ஆனால் அளவோடு இருந்தால் அதுவே உயிர் தாங்குவதும் ஆகும். நம் குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் குருதியில் அந்த வேலையைச் செய்யும் ஹீமோசயனினில் செம்பு இருக்கிறது. ஆக்சிஜன் ஏறியதும் அது நீலமாகிறது. உயிருள்ள நண்டைப் பிளக்கும்போது நம் குருதியைப் போன்ற சிவப்பைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். இரண்டு உலோகங்களும் இரு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கு இடையே எளிதில் மாறக்கூடியவை (இரும்பு +2, +3, செம்பு +1, +2) என்ற பாடநூல் வரிக்கு, ஆக்சிஜன் ஏறும்போது +1இலிருந்து +2 ஆகும் ஹீமோசயனினின் செம்பு நல்ல எடுத்துக்காட்டு. நம் ஊர்ச் சேதுபதி மன்னர்கள் தங்கள் கொடைகளைச் செப்பேடுகளில் பொறித்ததையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் இரும்பேட்டில் பொறித்திருந்தால் எழுத்து என்னவாகியிருக்கும் என்று உங்கள் ஆணியே சொல்லும்.

பாம்பன் மாணவன்:

மூவருக்கும் நன்றி. டேனியல் மின்கலப் பிழையை நானும் செய்து எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். துத்தநாகத்தையும் இடைநிலை உலோகம் என்று எழுதலாமா? அடுத்தது அப்பா கேட்கச் சொன்னது: செம்பாணிக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி அடிக்கலாமா?

பரமக்குடி வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):

துத்தநாகம் டி தொகுதியைச் சேர்ந்தது. ஆனால் அதன் அணுவிலும் +2 அயனியிலும் டி கூடு நிரம்பியே இருப்பதால் இடைநிலை உலோகம் என்னும் வரையறைக்குள் பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை. தேர்வில் இந்தக் காரணத்தோடு எழுதுங்கள்.

ராமேஸ்வரம் டீசல் மெக்கானிக்:

வாசகித் தங்கை சொன்னது சரி. துத்தநாகக் கட்டி விசிறிக்கும் தண்டுக்கும் மட்டும் இருக்கட்டும். தகட்டில் வேண்டாம், என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஆணியை நீர்மட்டத்துக்குக் கீழே ஈரமரத்துக்குள் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கட்டிக்கொள்வதால்தான் அது துருவாமல் இருக்கிறது. அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். மரத்துக்குள் புதைந்த பகுதிக்குக் காற்றோட்டம் இல்லாமல் உப்புநீர் மட்டும் ஊறிக்கொண்டிருந்தால் படலம் உடைந்து, தலை பளபளப்பாக இருக்கும்போதே தண்டில் பள்ளம் விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் அதில் அச்சம்.

அப்பாவிடம் செம்பாணியே வாங்கச் சொல்லுங்கள். அது மென்மையானது; நேரே சுத்தியலால் அடித்தால் வளையும். ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். பழைய இரும்பாணிகளின் மிச்சம் பலகைக்குள் இருந்தால் முழுவதையும் பிடுங்கிவிட்டு, துளையை மரமுளையால் அடைத்து, பக்கத்தில் புதுத் துளை போடுங்கள். தடைக்காலம் முடியும் ஜூன் 14க்குள் முடிக்க வேண்டிய வேலை. ஆணிக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.