மறு: ஒட்டோ கியருக்கு ஊற்றும் எண்ணெய்க்கு ஒரு சொல்: "வலுநெய்" சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

> "தானியங்கிச் செலுத்தப் பாய்மம்" என்றே வைத்துவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

"ஒட்டோமட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்" என்ற ஆங்கிலப் பெயருக்குப் பொருந்துகிறதுதான் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் திருகோணமலை உவர்மலையில் காரைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுத்திருக்கும் பொடியனிடம் இதைச் சொன்னால் தட்டிலிருந்து எந்தப் போத்தலை எடுப்பான்? நான் இந்த இழைக்குள் நுழைந்ததே அதற்காகத்தான். இங்கே ஒரு கராஜின் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்க அறிவுறுத்தல் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், நிறைய ஓடிய கார்களுக்கு ஒட்டோ கியர் எண்ணெய் மாற்றுவது பற்றி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, திறந்தாலும் விலை கேட்டால் தலை சுற்றுகிறது, ஆகவே இருக்கிற அலியன், அக்சியோ, பிட் கார்களை இரண்டு இலட்சம் கிலோமீற்றர் தாண்டியும் ஓட்டத்தான் போகிறோம். இந்த எண்ணெய்க்குக் கராஜில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர், புத்தகத்தில் ஒரு பெயர் என்று இருந்தால் நட்டம் காருக்குத்தான்.

இதுவரை வந்த பரிந்துரைகளில் மூன்று சொற்களைப் பற்றி என் கருத்து.

முதலாவது "மசகு எண்ணெய்". தமிழ்நாட்டு அன்பர்களுக்கு அது உராய்வைக் குறைக்க ஊற்றுவது. இலங்கைப் பத்திரிகையில் மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுத்தபடி, சுத்திகரிக்காமல் கப்பலில் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலைக்கு வருவது. நீங்கள் கச்சா எண்ணெய் என்கிறீர்களே, அது. எங்கள் சீனக்குடாவில் பழைய எண்ணெய்க் குதங்களும் இருக்கின்றன, எஞ்சின் ஒயில் கலந்து அடைக்கும் ஆலையும் இருக்கிறது. இந்த ஊரில் நின்றுகொண்டு இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்ல என்னால் முடியாது.

இரண்டாவது "கியர் எண்ணெய்". கேட்கச் சுகமாக இருக்கிறது, எல்லோருக்கும் விளங்கும், ஆபத்தும் அங்கேதான். கராஜில் கியர் ஒயில் என்றால் மனுவல் கியர்ப்பெட்டிக்கும் டிஃபரன்சியலுக்கும் ஊற்றும் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 வகை. பாணிபோல இறங்கும். ஒட்டோ கியர்ப்பெட்டிக்குள்ளே வால்வ் பொடியில் (எண்ணெயை வேண்டிய பக்கம் திருப்பும் வால்வுகள் உள்ள கட்டை) இருப்பதெல்லாம் மெல்லிய வழிகள், அவற்றின் ஊடாகத்தான் அழுத்தம் போய் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளை இறுக்கவும் விடவும் வேண்டும். அங்கே தடித்த எண்ணெயை ஊற்றினால் கியர் விழாது, விழுந்தாலும் வழுக்கும், வழுக்கினால் தட்டுக் கருகும்.

மூன்றாவது "பாய்மம்", எங்கள் பாடநூல் வழக்கில் "பாயி". இதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறொன்றுக்காகப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். பிரேக் ஒயில் என்று நாம் வாயால் சொல்வது எண்ணெயே இல்லை. டொட் 3, டொட் 4 எல்லாம் கிளைக்கோல் வகை, காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். அந்தப் பாத்திரத்தில் எண்ணெய் வகை எதையாவது ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் பிரேக்கே கெட்டுப்போகும். அதனால் எண்ணெயாக இருப்பதற்கு நெய் என்று முடியும் சொல், எண்ணெய் அல்லாததற்குப் பாயி என்று முடியும் சொல் என்று பிரித்துவைத்தால், பெயரைப் பார்த்தே பொடியன் எதை எங்கே ஊற்றக்கூடாது என்று கண்டுகொள்வான். கலைச்சொல் ஆக்குகிறோம் என்றால் இந்த அளவு வேலையாவது அது செய்ய வேண்டாமா?

என் பரிந்துரை "வலுநெய்". இங்கே பவரை வலு என்றுதான் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். ஒட்டோ கியரில் இந்த எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் இருக்கும் டோர்க் கொன்வெர்ட்டருக்குள் எஞ்சினின் சுழற்சியை வாங்கி மறுபக்கம் கொடுப்பது இதுதான், கிளச்சை அழுத்துவது இதுதான், சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் இதுதான். இன்னும் ஒன்று: கிளச் தட்டுகள் கவ்வ வேண்டிய நேரத்தில் அளவாகக் கவ்வ வேண்டும் என்பதால் உராய்வைத் தேவையான அளவில் வைத்திருக்கும் சேர்மானமும் இதில் உண்டு. உராய்வையே இல்லாமற் செய்வது இதன் வேலை என்று நினைக்க வைக்கும் எந்தப் பெயரும் அதனால் பிழை. வலுவைக் கடத்தும் நெய், வலுநெய். பழைய கார்கள் பலவற்றில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு எண்ணெய்தான், அதைச் சுக்கான் வலுநெய் என்றால் முடிந்தது.

> வலுநெய் என்றால் மூட்டுவலிக்குத் தடவுவதுபோல இருக்கிறதே?

இருக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் எள்+நெய்தான் எண்ணெய், இன்று யாரும் அதைக் கேட்டு எள்ளை நினைப்பதில்லை. ஆறு மாதம் சொன்னால் பழகிவிடும்.

ஒட்டோமட்டிக் என்பதற்குத் தானியங்கியா தன்னியக்கமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இங்கே தன்னியக்க என்று எழுதுகிறேன், நீங்கள் உங்கள் வழக்கப்படி எழுதுங்கள்.

அப்புறம் பெல்ட் வைத்த சீ.வீ.டீ. கார்கள், அதாவது படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டும் கப்பியுமாக ஓடுபவை. அவற்றின் எண்ணெய் வேறு. உருக்குப் பெல்ட் உருக்குக் கப்பியைக் கவ்வ வேண்டும், சாதாரண வலுநெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போய்விடும். ஆகவே "பெல்ட் வலுநெய்" என்று தனியாக வேண்டும். ஏன் "சீ.வீ.டீ. எண்ணெய்" என்று விட்டுவிடக்கூடாது என்று கேட்பீர்கள். டொயோட்டா அக்குவா, பிரியஸ் இரண்டையும் இ-சீ.வீ.டீ. என்றுதான் எழுதி விற்கிறார்கள், உள்ளே பெல்ட்டே இல்லை, கோள்பற்சில்லும் (பிளானட்டரி கியர்) இரண்டு மோட்டாரும்தான். அவற்றுக்குப் போவது டபிள்யூ.எஸ். என்ற சாதாரண வலுநெய். பெயரைப் பார்த்துச் சீ.வீ.டீ. போத்தலை உடைத்து ஊற்றினால் என்ன ஆகும்? பெட்டிக்கு விற்பனையாளர் வைத்த பெயரை நம்பாமல், உள்ளே இருப்பதைப் பார்த்துச் சொல் வைக்க வேண்டும்.

எண்ணெயின் பெயரைவிட எனக்குப் பெரிய தலையிடி "மாற்றுதல்" என்ற வினை. இதை யாரும் இன்னும் தொடவில்லை. கராஜில் எல்லாவற்றுக்கும் "ஒயில் மாத்துறது" ஒன்றுதான். எஞ்சினில் அது சரி, அடியில் எண்ணெய் வடிக்கும் ஆணியைக் கழற்றினால் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிடும். ஒட்டோ கியரில் அடி ஆணியைக் கழற்றினால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வரும், மிச்சம் டோர்க் கொன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நிற்கும். இதற்கு "வடித்து நிரப்பல்" என்று பெயர் வைக்கலாம். இயந்திரத்தைக் கூலர் குழாயில் பூட்டிப் புதிய எண்ணெயைத் தள்ளிப் பழையதை முழுதாக வெளியேற்றுவது இன்னொன்று. அதற்குத் "தள்ளிக் கழுவல்".

இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால்தான் "பழைய ஒட்டோவுக்கு ஒயில் மாத்தாதே, மாத்தினால் கியர் போய்விடும்" என்ற பேச்சு இவ்வளவு காலம் நிற்கிறது. அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை. ஒருநாளும் மாற்றாத பெட்டியைத் தள்ளிக் கழுவினால், அடியில் படிந்த சேறு கிளம்பி வால்வ் பொடியின் சின்ன வழிகளை அடைக்க இடமுண்டு. இன்னொரு பக்கம், கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் எண்ணெயைப் பற்றியே நினைக்கிறார்கள், தேய்ந்து முடிந்த தட்டுக்குப் புது எண்ணெய் உயிர் கொடுக்காது, இரண்டு கிழமையில் பெட்டி நின்றதும் பழி எண்ணெய்க்கு. வடித்து நிரப்பலுக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஏழு லீற்றர் பிடிக்கும் பெட்டியில் மூன்று லீற்றர் வருகிறது என்று வையுங்கள்: முதல் தடவைக்குப் பிறகு பழையது 57 சதவீதம், இடையில் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இரண்டாம் தடவை செய்தால் 33, மூன்றாம் தடவைக்குப் பிறகு 19. அவ்வளவு போதும். ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று கார்க் கம்பனிகள் சில எழுதிவைத்திருப்பதை நான் நம்புவதில்லை, அது யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை.

வடித்ததைப் பார்க்கவும் சொல் வேண்டும். எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினால் அடியில் காந்தங்கள் இருக்கும், அவற்றில் சாம்பல் நிறத்தில் விரலால் வழித்தால் மை மாதிரி ஒட்டும் பசை இருக்கும். அது வழமையான தேய்வு, பயப்பட ஒன்றுமில்லை. விரலில் குத்தும் துண்டுகள் இருந்தால் கதை வேறு. முதலாவதைத் "தேய்பசை", இரண்டாவதை "உடைசில்லு" என்று எழுதியிருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் தாருங்கள்.

சுவரில் ஒட்டப்போகும் வாசகம் இப்போதைக்கு இது:

"வலுநெய் மாற்றுமுன் ஓட்டிப் பார். வழுக்கினால் முதலாளியிடம் சொல், நீயாகத் தொடாதே. வடித்து நிரப்பு, தள்ளிக் கழுவாதே. வடித்ததை அளந்து வை, அதே அளவு புதியதை ஊற்று. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்: சிவப்பு நல்லது, மண்ணிறம் என்றால் காலம் பிந்திவிட்டது, கறுத்துக் கருகிய மணம் என்றால் நிறுத்து. காந்தத்தில் தேய்பசை இருந்தால் துடை, உடைசில்லு இருந்தால் காட்டு. போத்தலின் வகை எழுத்தைக் காரின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மூடியைத் திறக்காதே. அளவுகோல் இல்லாத காரில் வழிவு ஆணியால் மட்டம் பார், எண்ணெயின் சூடு புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் இருக்கும்போது மட்டும்."

கடைசி வரியில் "வழிவு ஆணி" எனக்கே திருப்தி இல்லை. மட்டத்துக்கு மேல் இருப்பதை வழிய விடும் துளையின் ஆணி அது, "மட்ட ஆணி" என்றால் சுருக்கமாக இருக்கிறது, ஆனால் என்ன செய்கிறது என்பது போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் இதற்கும், டோர்க் கொன்வெர்ட்டருக்கு ஐயா சொன்ன "முறுக்கு மாற்றி"க்கும் ஆம், இல்லை என்று ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து