மறு: கொலோமியா – 'வழுவிதை' வேண்டாமே

ஐயா, வணக்கம்.

கொலோமியா என்ற பூச்செடிப் பேரினத்துக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் முன்மொழிந்த 'வழுவிதை'க்கு என் வாக்கு இல்லை. வழவழப்பிலிருந்து எடுத்த சொல் என்று நீங்கள் விளக்கினாலும், இலக்கணம் படித்தவர் காதில் வழு என்றால் குற்றம். விதைப் பொட்டலத்தில் இந்தப் பெயரைப் பார்த்தால் உழவர், முளைக்காத சரக்கு என்று ஒதுக்கிவிடுவார்.

நம் உரையாடலில் ஓர் அம்மையார் சொன்ன 'பசைப்பூ' செவிக்கு இனிமைதான். ஆனால் 1818இல் தாமஸ் நட்டால் (Nuttall) என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது, பசையைக் குறிக்கும் 'கொல்லா' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்தது, நனைந்தால் வழவழக்கும் விதைக்காக. பூவுக்குச் சொல்ல வேறு சேதி இருக்கிறது: இதில் ஓர் இனமான கொலோமியா கிராண்டிஃபுளோராவின் இதழ் வெளிர் ஆரஞ்சு, மகரந்தமோ நீலம்!

நேற்று வண்ணாரப்பேட்டை நாட்டுமருந்துக் கடையில் சப்ஜா விதை வாங்கிவந்து, நன்னாரி சர்பத்துக்கு ஊறவைத்தோம். சின்னஞ்சிறு கறுப்பு விதை. சில நிமிடங்களில் ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு உறை. கரண்டியைச் சாய்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் கொலோமியாவை நான் தொட்டதில்லை. ஆனால் அதன் விதையும் நனைந்தால் இப்படித்தான். விதைத்தோலின் செல்களில் சுருண்டு கிடக்கும் நுண்ணிழைகள் அவிழ்ந்து, வழவழப்போடு வெளியே நீளும்.

அதே கடையில் பாதாம் பிசினும் இருந்தது. அதுவும் ஊறினால் உப்பும் என்பதால் 'பிசின்விதை' என்று சொல்லத் தோன்றியது. ஆனால் பிசின் மரப்பட்டையில் கசிந்து இறுகுவது. முருங்கைப் பிசினைக் கிள்ளியெடுத்த யாருக்கும் இது தெரியும். விதைக்குப் பொருந்தாது.

ஆக, 'பசைவிதை'. பசை என்றதும் சுவரொட்டிக்காரரின் மைதா வாளி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சலித்துக்கொண்டார். வரட்டுமே! இங்கே பட்டத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வளர்ந்தவன் நான். எனக்கு அந்தச் சொல்லில் அழுக்கு தெரியவில்லை. 'பசைவித்து' மட்டும் வேண்டாம். பாடநூல்களில் பூஞ்சையின் ஸ்போருக்கும் வித்து என்றே எழுதுகிறார்கள்; மாணவர் குழம்புவார்.

அறிவியல் பெயர் கொலோமியா என்றே ஒலிபெயர்ப்பில் இருக்கட்டும். நாம் தேடுவது வழக்குப்பெயர். அப்படியானால் கிராண்டிஃபுளோரா 'பெரும்பூப் பசைவிதை' ஆகிறது. பூவும் விதையும் ஒரே பெயரில் இடித்துக்கொள்கின்றன. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?