ஜனவரியில் ஆர்.வி.யில் டூம்ஸ்டோன், பிஸ்பி

கேள்வி: 30 அடி ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூம்ஸ்டோன், பிஸ்பி போகிறோம். பழைய பிஸ்பிக்குள் வண்டியை விடலாமா? இரவுக் குளிருக்கு என்ன ஏற்பாடு?

பதில் 1: விடவே வேண்டாம். தெருக்கள் குறுகல், செங்குத்து, திருப்ப இடமிருக்காது. லாவெண்டர் சுரங்கக் குழியை ஒட்டிய ஆர்.வி. பார்க்கில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். 1975-ல் மூடிய காப்பர் குவீன் செம்புச் சுரங்கத்துக்குள் ரயிலில் கூட்டிப்போவார்கள். தவறவிடாதீர்கள். உள்ளே சுமார் 8 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும்.

பதில் 2: பிஸ்பி சுமார் 1,600 மீட்டர் உயரம், இரவில் தண்ணீர் உறையும். மாலையே வண்டியின் நன்னீர்த் தொட்டியை நிரப்பி, பார்க் குழாயிலிருந்து வண்டிக்கு வரும் தண்ணீர் ஹோஸைக் கழற்றி வடித்துவிடுங்கள். மாட்டியே விட்டால் வெடிக்கும். கழிவுநீர் வால்வையும் மூடுங்கள். திறந்திருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பதில் 3: திரும்பும்போது டூம்ஸ்டோனுக்கு வடக்கே, 80-ம் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி உண்டு. எச்1பி விசாக்காரர்கள் பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) இரண்டையும் கையோடு வைத்திருங்கள்.