ஒன்பதாவதில் கஜா, பத்தாவதில் கொரோனா: எங்கள் செட்டு

முதல் பெஞ்ச், பெண்கள் பக்கம்

2022 மே மாதம் பிளஸ் டூ எழுதிய செட்டு நாங்கள். பேராவூரணிப் பக்கம், கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஊரில் எங்களுக்கு வைத்த பெயர் "ஆல் பாஸ் செட்டு". பத்தாவது பொதுத்தேர்வு எழுதவில்லை, பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் எழுதவில்லை. நாங்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வே பிளஸ் டூதான்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர், எந்த வருஷம் முடிச்சேம்மா என்று கேட்டார். சொன்னேன். "அடடே, படிக்காமலே பாஸ் பண்ணின கூட்டமா" என்றார். அப்போது சாம்பார் வாளியோடு எதிரே நின்றது எங்கள் வகுப்புப் பையன். என்னைப் பார்த்தான், இலையில் சாம்பாரை ஊற்றினான், அடுத்த இலைக்குப் போய்விட்டான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். நம் ஆட்கள் எல்லாரும் அவரவருக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

என் பங்கு பத்தாவது. நமக்குப் புதுப் புத்தகம். அக்காவின் நோட்டு உதவாது, பழைய வினாத்தாளும் உதவாது. வருஷத்தின் நடுவில், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டு தாள் இல்லை, ஒரே தாள்தான் என்று மாற்றினார்கள். காலையில் எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறு வரை படிப்பு, நடுவில் ஒரு கை சுண்டல். 2020 மார்ச் 27 முதல் பரீட்சை. ஊரடங்கு வந்தது. ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15 என்றார்கள். சமூக அறிவியல் வரைபடத்தை நான் எத்தனை தடவை குறித்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இந்தியா மேப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஜூன் 9-ஆம் தேதி பரீட்சையே ரத்து என்று டிவியில் ஓடியது. நான் அழுதேன். "பாஸுன்னுதானே சொல்றாங்க, ஏண்டி அழுவுற" என்றார் அம்மா.

காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டுக் கொடுத்தார்கள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சைக்கு நான் 102 டிகிரி காய்ச்சலோடு போய் உட்கார்ந்தவள். முழுசாக எழுதாத அந்தத் தாளின் மார்க்தான் என் பத்தாவது கணக்கு மார்க். இன்றைக்கும் எந்த விண்ணப்பத்திலும் அதை நிரப்பும்போது கை ஒரு நொடி நிற்கும்.

பத்தாவதில் நாம் 44 பேர். பிளஸ் டூ பரீட்சை ஹாலுக்கு வந்தது 31 பேர். மற்ற 13 பேரைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

கடைசி பெஞ்ச், தோப்பு வீடு

எனக்குக் கொரோனாவுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை, கஜா புயல். நாம் ஒன்பதாவது.

எங்கள் தோப்பில் 140 தென்னை. விடிந்து பார்த்தால் 11 மரம் நின்றது. அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. தென்னை விழுந்தால் குருத்தை வெட்டித் தின்போம் இல்லையா, வெள்ளையாக, தித்திப்பாக இருக்கும். எப்போதாவது ஒரு மரம் சாய்ந்தால் தெருவே கூடி வாங்கித் தின்னும். அன்றைக்கு ஊரெல்லாம் குருத்து, தின்ன ஆளில்லை. நாலாம் நாள் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்தது. அந்த வாடை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். நம் ஒன்பதாம் வகுப்பு அறையில் ஆறு குடும்பம் தங்கியிருந்தது. திரும்ப வகுப்புத் திறந்தபோது கரும்பலகையில் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை சாப்பாடு என்று சாக்பீஸில் எழுதிய கணக்கு அப்படியே கிடந்தது. தமிழய்யா அதை அழிக்கவில்லை. பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் பார்த்து இலக்கணம் எழுதினார். ஒரு வாரம் அப்படித்தான் நடத்தினார். ஏன் என்று நாம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் பெரிய பாடமும் நடக்கவில்லை. கரண்ட் கிடையாது. மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவித்ததும் மரத்தை எண்ணி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. படித்தவர்கள் இல்லாத வீடுகளுக்கு நம் வகுப்பில் ஏழெட்டுப் பேர் போய், விழுந்த மரங்களை எண்ணி மனு எழுதிக் கொடுத்தோம். காலாண்டில் விண்ணப்பக் கடிதத்துக்கு எனக்கு ஐந்துக்கு இரண்டு மார்க். அதற்கப்புறம் என்னைப் போல் விண்ணப்பம் எழுதப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

2019 தை மாதம் அப்பா 90 தென்னம்பிள்ளை வைத்தார். எல்லாம் நெட்டை ரகம். இந்த வருஷம்தான் முதல் பாளை வந்திருக்கிறது.

ஆண்கள் பக்கம், இரண்டாவது பெஞ்ச்

ஒரு திருத்தம். முகாம் நடந்தது நம் அறையிலும் அடுத்த அறையிலும். அடுத்த அறையில் இருந்தது எங்கள் வீடு. சாப்பாட்டுக் கணக்கில் மூன்றாவது வரி நாங்கள், "5" என்று எழுதியிருந்தது. தமிழய்யா ஏன் அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மூன்றாவது பெஞ்ச், ஆர்ட்ஸ் குரூப்

சாம்பார் வாளியோடு நின்றது நான்தான்.

2020 ஜூலையில் மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனேன். அப்பாவுக்கு வேலை நின்றுவிட்டது, வீட்டில் மூன்று பேர் படிக்கிறோம். ஐஸ் பாரை இடுக்கியால் இழுத்து மெஷினில் விட வேண்டும், தூளைக் கூடையில் அள்ளிப் படகில் கொட்ட வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்கே வேலை ஆரம்பம். முதல் வாரம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சட்டைப் பட்டன் போட முடியாது, தங்கச்சி போட்டுவிடுவாள். பிளஸ் ஒன்னில் பேர் இருந்தது, நான் இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடுகிற நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். 2021 பிப்ரவரியில் பிளஸ் ஒன்னுக்குப் பள்ளிக்கூடம் திறந்து ஆறு வாரத்தில் திரும்ப மூடினார்கள். அந்த ஆறு வாரத்தில் நான் போனது நாலு நாள்.

செப்டம்பர் 1-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். நான் போகவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலை ஏழு மணிக்கு வணிகவியல் சார் டிவிஎஸ் எக்ஸெலில் துறைமுகத்துக்கே வந்துவிட்டார். பின்னால் தோப்பு வீட்டுக்காரன். சார் என்னைத் திட்டவில்லை. முதலாளியிடம் போய், "பையன் ராத்திரி வேலைக்கு வரட்டும், பகல்ல எனக்குக் குடுங்க" என்று கேட்டார். கடன் கேட்கிற மாதிரி கேட்டார். ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று அப்போது விதி, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வகுப்பு. அதுவும் எனக்கு வசதியாகப் போனது. ஒருநாள் தூங்குவேன், ஒருநாள் படிப்பேன். வகுப்பிலும் சில நாள் தூங்கினேன். அப்போது யாரும் எழுப்பவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் நோட்டிலும் சேர்த்து எழுதி வைப்பான். என் கணக்குப்பதிவியல் நோட்டில் நாலு பேர் கையெழுத்து இருக்கிறது.

பரீட்சை மே 5, அக்னி நட்சத்திரத்துக்கு மறுநாள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் வேலையும் இருக்காது. வழக்கம்போல் மார்ச்சில் பரீட்சை வைத்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கொரோனாவால் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, நான் எழுதினேன். 600-க்கு 411. அந்தப் பெரியவர் கேட்டபோது இந்த எண்தான் வாய் வரை வந்தது.

ஜன்னல் ஓரம்

உன் நோட்டில் இருக்கிற நாலு கையெழுத்தில் ஒன்று என்னுடையது. சார் கொடுத்து எழுதச் சொன்னார். இதுவரை உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்ததும் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். மாரியம்மன் கோவில் திண்ணையில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், பதினெட்டுப் பிள்ளைகள். மூன்றாவது படிக்கிற ஒரு பையன் 'அ'வைத் திருப்பிப் போட்டு எழுதினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் ஒன்றாவதில் சேர்ந்தது 2020. சின்ன வகுப்புகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1. அவன் முதன்முதலில் வகுப்பறையைப் பார்த்தபோதே இரண்டாவது. நமக்காவது பத்தாவது வரை பள்ளிக்கூடம் இருந்தது, யார் பக்கத்தில் யார் உட்கார்வார் என்பது தெரிந்திருந்தது. அவனுக்கு அது எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து அவனை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். பொங்கலுக்குள் அவன் தன் பெயரை எழுதினான். இனிஷியலோடு.

கல்லூரிக்கு அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை மேலே படித்தால் மாதம் ஆயிரம். முதல் மாதப் பணம் வந்ததும் எஸ்எம்எஸ்ஸை அப்பாவிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். "உன் பேர்லயே வந்துருக்கு" என்றார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரேதான் தினமும் எழுப்பிவிடுவார்.

முதல் பெஞ்ச், பெண்கள் பக்கம்

13 பேரைப் பற்றி எழுதச் சொன்னது நான்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பற்றி நானே எழுதவில்லை. ரோல் நம்பர் 23. ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். 2020 ஆகஸ்டில் பத்தாவது ரிசல்ட் வந்தது, ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பதினாறு முடியவில்லை. ஊரடங்கில் யாரையும் கூப்பிடாமல் இருபது பேரோடு முடித்துவிட்டார்கள். எனக்கு முதல்நாளே தெரியும். குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பர் நம் புத்தகத்திலேயே இருந்தது. போன் அப்பா கையில் இருந்தது, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியவர் சொன்னதற்குப் பதில் யோசிக்கும்போதெல்லாம் கடைசியில் நான் வந்து நிற்கிற இடம் இதுதான். பிளஸ் டூவில் என் பக்கத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். நல்ல பெண். இரண்டு வருஷமும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளும் இதைப் படிப்பாள். மன்னித்துக்கொள்.

ரோல் நம்பர் 23

ஜன்னல் ஓரம் எனக்கு அனுப்பி வைத்தாள். எல்லாவற்றையும் படித்தேன். பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீ போன் பண்ணாததை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றைக்கு வீட்டில் பெரியவர்களே இருபது பேர் இருந்தார்கள். அவர்களைக் கேட்க வேண்டியதை உன்னை ஏன் கேட்கிறேன்.

அந்தப் பெரியவருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் திரும்பப் படிக்கலாமா என்று நினைத்தபோது வீட்டில் என்னிடம் இருந்தது பத்தாவது சான்றிதழ் ஒன்றுதான். பாலிதீன் கவரில், ரேஷன் கார்டுக்கு அடியில். அந்த ஆல் பாஸ் சான்றிதழை வைத்துத்தான் தனித்தேர்வராக விண்ணப்பித்தேன். பிளஸ் ஒன் முடித்துவிட்டேன். அடுத்த மார்ச் பிளஸ் டூ. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார், மாமியார் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்.

புத்தகம் இப்போதும் நம் புத்தகம்தான். அந்த நாலு கையெழுத்து நோட்டு இன்னும் இருந்தால் எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை பேராவூரணி வருகிறேன், பதினோரு மணி பஸ்ஸில்.